வேட்கை அளவு எழுபத்தொன்று

நிலாக் குடியிருப்பில் காற்று வடிகட்டிகளைச் சோதிக்கும் நாளிலேயே மனைவிகளின் வேட்கைமானியையும் சோதித்துவிடுவார்கள். கோளாறு இருந்தால் புகார் எழுத வேண்டியவர் கணவர்.

போன முறை நறுமுகையின் அளவு நூற்றுக்குப் பத்தொன்பது. "இவளுக்கு ஆசையே இல்ல டாக்டர்" என்றான் கணவன் சிபி, குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதுபோல. டாக்டர் பத்மாசினி மூளைப்படத்தைக் காட்டினார். ஆசை இருந்தது. அதை மறைத்துக்கொண்டு வேறொரு பகுதி எரிந்துகொண்டிருந்தது. தன்வேவுப் பகுதி என்று அதற்குப் பெயர். சிபி தொட்டதும் விழித்துக்கொள்ளும். வயிறு தொங்குகிறதா? முகத்தில் அலுப்புத் தெரிகிறதா? இவர் என்ன நினைப்பார்? காதுக்குப் பின்னால் அரிசி அளவில் ஓர் அடக்கியை வைத்தார்கள். அந்தப் பகுதி அணைந்தது.

இந்த முறை எழுபத்தொன்று. இடையில் போன மூன்று மாதமும் நறுமுகைக்குப் பிடித்திருந்தது. முப்பத்தாறு வயதில் முதன்முறையாகத் தன் உடம்புக்குள் தனியாகக் குடியிருந்தாள்.

சிபி மறுபடியும் புகாரோடு வந்திருந்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"ரொம்ப ஏறிப்போச்சு டாக்டர். கொஞ்சம் குறைச்சு வைங்க."

"எவ்வளவுக்கு?"

"ஒரு நாப்பது. என் அளவுக்கு."

"உங்களை அளந்ததே இல்லையே?"

"ஆம்பளைக்கு எதுக்கு? எனக்கே தெரியும்ல."

பத்மாசினி ஒப்புதல் படிவத்தை நறுமுகையிடம் நீட்டினார். "ஒரு கையெழுத்துப் போடும்மா."

நறுமுகை வாங்கிப் படித்தாள்: அடக்கியைத் தளர்த்துவதற்கான ஒப்புதல். போட்டால் பழைய வேவுக்காரி திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவாள். இவர் என்ன நினைப்பார் என்ற கேள்விக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. படுக்கையறையில் மட்டும் வேலை செய்யச் சொல்லி அடக்கிக்கு யாரும் கட்டளையிடவில்லை.

"போட மாட்டேன். எனக்கு நல்லாத்தான் இருக்கு. சமமா இருக்கணும்னா அவருக்குக் கூட்டி வைங்க."

"எனக்கா? எனக்கென்னடி நோய்?"

பத்மாசினிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு அவன் கேள்வியைக் கணினியில் தட்டினார். ஆண்களுக்கு வேட்கைக் குறைவு என்றொரு நோய் பட்டியலில் இல்லை. சிபி நலம் என்று சான்றிதழ் வந்தது.

அடுத்து நறுமுகையின் கோப்பு திறந்தது. கணினி அவள் பெயரில் புது நோய் ஒன்றைச் சேர்த்தது: சிகிச்சைக்கு இணங்காமை. குணப்படுத்தக்கூடியது. நோயாளி இணங்கினால் உடனே தொடங்கலாம்.