டெல்ஃபி எழுதாத பதினொரு கடிதங்கள்

எதிர்மடல் என்ற இயந்திரம் பதினோராவது கடிதத்தையும் எழுதி முடித்திருந்தது. திரையில் இருந்த ஆங்கிலத்தைப் பக்கத்து இருக்கை ஜெபராணி தமிழாக்கி, சர்ச்சில் வேதம் வாசிப்பதுபோல நீட்டி வாசித்தாள்.

"'மதிப்பிற்குரிய எஜமானரே, தங்கள் வீட்டில் கழித்த நாட்களை நன்றியோடு நினைக்கிறேன். இந்த வருடம் புகையிலை விளைச்சல் எப்படி? அம்மாவின் மூட்டுவலி தேவலையா?' ஏட்டி இசக்கி, வேலையை விட்டு நின்ன எவளாவது முதலாளியம்மா மூட்டைப் பத்திக் கடுதாசி போட்டு விசாரிப்பாளா?"

"வேலைக்காரி இல்லட்டி, அடிமை. மூட்டு இன்னும் நல்லா வலிக்கட்டும்னுதான் வேண்டியிருப்பா," என்றாள் இசக்கியம்மாள்.

ஜெபராணி சிரித்தாள். இசக்கியம்மாளின் விரல் முத்திரைப் பொத்தான் பக்கம் போகவில்லை.

திருநெல்வேலிக்கு வெளியே அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் முந்நூறு பேருக்கு இதுதான் வேலை. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் செனட்டர்கள், நீதிபதிகள், தளபதிகள் விட்டுப்போன கடிதப் பெட்டிகளை அங்கத்து நூலகங்கள் படமெடுத்து இங்கே அனுப்பின. எந்தப் பெரிய மனிதரின் பெட்டியிலும் பாதிப் பேச்சுதான் இருக்கும். மற்றப் பாதியை எதிர்மடல் எழுதியது. ஒரு பதிலைக் கொடுத்தால், அந்தப் பதிலை வரவழைத்த கடிதம் என்னவாக இருந்திருக்கும் என்று அப்படியே எழுதித் தரும். சரிபார்ப்பவர் திருத்துவார், அந்தத் திருத்தத்திலிருந்து எதிர்மடல் கற்றுக்கொள்ளும். அவர் முத்திரை வைத்துவிட்டால் அது ஆவணம். பாடநூல் ஏற்கும், நீதிமன்றமும் ஏற்கும்.

செனட்டர் ஜோசையா பெல்கிரேவ், ஆளுநர்கள் எழுதிய விருந்து அழைப்பைக்கூடப் பத்திரப்படுத்தியவர். தன்னிடம் அடிமையாக இருந்த டெல்ஃபியின் கடிதம் ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. விடுதலையான பிறகு அவள் எழுதிய பதினொரு கடிதங்களுக்கு அவர் அனுப்பிய பதில்களின் நகல் மட்டும் மெல்லிய தாளில் தப்பியிருந்தது. புகையிலை, மழை, மனைவியின் மூட்டுவலி. ஒன்பதாவது பதிலின் அடியில் மட்டும் ஒரு வரி: "டோபியைப் பற்றி முன்பு எழுதியதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை."

இசக்கியம்மாள் முந்தைய எட்டையும் திரும்பப் படித்தாள். டோபி என்ற பெயரே அவற்றில் இல்லை. அதே பெட்டியின் அடியில் கிடந்த பழைய அடிமைப் பட்டியலில் இருந்தது: டோபி, வயது ஆறு, டெல்ஃபியின் பையன், விற்றாயிற்று.

இயந்திரம் அந்த ஒற்றை வரியைப் பிசிறு என்று ஒதுக்கியிருந்தது. தன் பிள்ளையை எங்கே விற்றாய் என்று பதினொரு முறை கேட்டவளை, இன்று சாயங்காலத்துக்குள் முத்திரை போட்டு, புகையிலை விசாரிப்பவளாக உலகத்துக்குக் கொடுக்கப்போகிறார்கள்.

அவள் பிரிவுத் தலைவர் விஸ்வேஷிடம் போனாள்.

"சார், டெல்ஃபியோட கடித உறைக்கு நான் முத்திரை வைக்க மாட்டேன்."

"எதிர்மடலோட துல்லியம் தொண்ணூத்தாறு சதவீதம், இசக்கி. உங்க டிகிரி மார்க்கைவிட ஜாஸ்தி."

"என் மார்க்கு எழுபத்தொண்ணு சார். அது நானே எழுதி வாங்கினது. இந்த மெஷின் யார் கடிதத்தைப் படிச்சு வளந்துச்சு? ரெண்டு பக்கமும் பத்திரமா இருந்த கடிதம். ஆளுநர் கேட்டாரு, செனட்டர் பதில் சொன்னாரு. அதனால, கேட்டதுக்குத்தான் பதில் வரும்னு அது நம்புது."

"வேற எதுக்கு வரும்?"

"எங்க அப்பா சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு ஒம்பது மனு கொடுத்தாரு. 'தங்கள் பகுதியில் தெருவிளக்குகள் சிறப்பாகப் பராமரிக்கப்படுகின்றன'ன்னு பதில் வந்துச்சு. அதை எதிர்மடல்ல போட்டுப் பாருங்க. எங்க அப்பா தெருவிளக்கைப் பாராட்டி ஒம்பது கடுதாசி எழுதினாருன்னு சொல்லும். எங்க பொணம் இன்னும் வயல் வரப்புலதான் சார் போகுது."

விஸ்வேஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை. பதில் வராத மனு என்று ஒன்றை வாழ்க்கையில் அவர் எழுதியதே இல்லை, அவ்வளவுதான்.

"எழுத்துல கொடுங்க. நூலகத்துக்கு அனுப்பறேன்."

நான்கு பக்கம் எழுதினாள். பதினொரு கடிதங்களையும் நீக்குங்கள். உறையை வெறுமையாக விடுங்கள். வெளியே ஒரே வரி போடுங்கள்: 'இவள் தன் மகனைக் கேட்டாள். இவர் பதில் சொல்லவில்லை.' அலுவலகத்துக்குள் கைபேசிக்கும் காகிதத்துக்கும் அனுமதி கிடையாது. எழுதியதை அலுவலகக் கணினியிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

ஒன்பதாம் நாள் நூலகத்தின் பதில் வந்தது. "தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. டெல்ஃபி கடிதங்கள் வாசகர்களைப் பெரிதும் நெகிழச் செய்துள்ளன. தங்கள் குழுவின் உழைப்பை மகிழ்ச்சியுடன் குறித்துக்கொண்டோம்."

நெகிழச் செய்துள்ளனவா? அப்படியென்றால் முத்திரை விழுந்துவிட்டது. விழுந்திருந்தது, விஸ்வேஷ் பெயரில்.

"விடுவேனா? அதே நாலு பக்கத்தை எல்லா நூலகத்துக்கும் அனுப்புதேன் பாரு," என்று கணினியில் தன் கடிதத்தைத் தேடினாள். இல்லை.

"ஏட்டி, உனக்குத் தெரியாதா?" என்றாள் ஜெபராணி தணிந்த குரலில். "போன மாசம் சுற்றறிக்கை வந்துச்சுல்லா. வர்ற கடிதம், நாம குடுக்குற மனு எதையும் இனி சேமிக்க மாட்டாவளாம். பதில் இருந்தா போதும், கேள்வியை எதிர்மடலே எழுதிக்கிடும்னு. பாதி இடம் மிச்சமாம். பேங்க்ல, தாலுகா ஆபீஸ்ல, எல்லா இடத்துலயும் இப்ப இதானாம்."

இசக்கியம்மாள் தன் கடிதத்தைக் கேட்டு விண்ணப்பித்தாள். மூன்று விநாடியில் ஒரு கடிதம் திரையில் வந்தது. அவள் பெயர், அவள் பதவி, அன்றைய தேதி, எல்லாம் சரியாக இருந்தன.

"'ஐயா, டெல்ஃபி கடிதங்களை மீட்டெடுக்கும் பணியில் எளியவளான எனக்கும் இடம் கிடைத்ததை எண்ணி...'" ஜெபராணி வாசிப்பதை நிறுத்திவிட்டாள்.

ஓரத்தில் முத்திரை இருந்தது. துல்லியம் தொண்ணூற்றாறு சதவீதம்.

'இதை நான் எழுதவில்லை. எழுதியது இது இல்லை. என் நாலு பக்கத்தைத் திருப்பிக் கொடு' என்று தட்டி நிர்வாகத்துக்கு அனுப்பினாள். அவசரத்தில் இரண்டு எழுத்துப் பிழை. திருத்தவில்லை. யார் பார்க்கப்போகிறார்கள்?

உடனே பதில் வந்தது. "தங்கள் மடல் கிடைத்தது. சேவையில் தாங்கள் நிறைவடைந்தது குறித்து மகிழ்ச்சி."

இந்த இரண்டு வரியிலிருந்து இயந்திரம் அவள் பெயரில் என்ன எழுதப்போகிறது என்று அவள் பொறுத்திருந்து பார்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சொல்லையும் இப்போதே சொல்லிவிடுவாள். தப்பாக எழுதியபோதெல்லாம் திருத்தித் திருத்தி, மூன்று வருடமாக அதற்கு எழுதச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தானே.