பொய் சொல்லாத பெட்டி

சனிக்கிழமை காலை ஏழு மணி. சனத்நகர் லாரி ஷெட்டில் ஆண்டனியின் லாரித் தார்ப்பாயை அவிழ்த்தபோது, எட்டு மோட்டார் பம்புகளைக் காணோம்.

ஏழேகாலுக்கு முதலாளி வேதாசலம் கம்ப்யூட்டரைத் திறந்தார். ஏழரைக்கு ஆண்டனி திருடன் ஆகிவிட்டான். சாட்சி சொன்னது டாஷ்போர்டில் உட்கார்ந்திருக்கும் கறுப்புப் பெட்டி. எட்டு மணி நேரம் ஓட்டிய டிரைவர் கட்டாயம் ஓய்வெடுக்க வேண்டும். எடுத்தானா, வண்டி எங்கே போனது, எங்கே நின்றது, எல்லாவற்றையும் அது பதிவு செய்துவிடும். முந்தின ராத்திரி ஆண்டனி ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தில் பெட்டி பீபீநகர் வரை போய், அரை மணி நின்று, திரும்பியிருந்தது.

மல்காஜ்கிரியில் கனகவல்லிக்குச் செய்தி உடனே எட்டிவிட்டது. அந்தத் தெருவில் யார் வீட்டுக் குக்கர் ஒரு விசில் குறைவாக அடித்தாலும் ஏனென்று விசாரிக்கும் பெண்மணி. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவள். போனது டிக்கெட் மட்டும்தான், பரிசோதனை நிற்கவில்லை. அவள் வீட்டு மாடி போர்ஷனில் குடியிருக்கும் ஆண்டனியின் மனைவி ராஜி அழுதுகொண்டே வந்தாள்.

"பன்னிரண்டு மணிக்குப் போலீஸுக்குப் போறாராம் முதலாளி. கேஸ் ஆயிட்டா எந்தக் கம்பெனியிலயும் அவருக்கு வண்டி கொடுக்க மாட்டாங்கக்கா."

"இன்னும் பன்னிரண்டு ஆகலையே. ஆட்டோவைக் கூப்பிடு."

ஷெட்டில் மூன்று லாரிகள். ஆண்டனியுடையது ஒன்று, செல்லப்பாவுடையது ஒன்று, லோடு இல்லாமல் ஒரு மாதமாக ஓடாத பழைய லாரி ஒன்று. பழையதில் பெட்டி கிடையாது. வாட்ச்மேனும் கிடையாது, பெட்டி இருக்கும்போது ஆள் எதற்கு என்று வேதாசலம் அவரை நிறுத்திவிட்டார்.

"ராத்திரி எங்கேப்பா இருந்தே?" என்று கேட்டாள் கனகவல்லி.

"இங்கேதான்க்கா, ரெஸ்ட் ரூம்ல படுத்திருந்தேன்" என்றான் ஆண்டனி. "பெட்டி வந்ததிலேருந்துதான் நல்லாத் தூங்கறேன். முன்னே கண்ணு சொருகச் சொருக ஓட்டுவோம். பெட்டி பிடிக்கும்னு சொன்ன ஒரே டிரைவர் நான். என்னையே மாட்டிவிட்டுடுச்சு."

"பிடிக்குமாம்!" செல்லப்பா குறுக்கே பாய்ந்தார். "குடோன் வாசல்ல லோடு இறக்க நாளெல்லாம் வெயில்ல நிக்கறோம். அதை ரெஸ்ட்டுன்னு எழுதுது. ஸ்டியரிங்கைத் தொட்டாத்தான் வேலையாம்!"

"பெட்டிமேல அவ்வளவு கோபமா?"

"ஹவ், ஆமாம்மா, கோபம்தான். அதுக்காகத் திருடுவேனா? நேத்து அமாவாசை. மூணு வண்டிக்கும் டயரைத் தண்ணி ஊத்திக் கழுவி, குங்குமம் தடவின எலுமிச்சம்பழத்தை முன்சக்கரத்துக்கு முன்னால வெச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

"ஆண்டனி வண்டிக்குமா?"

"அவன் ஜெபம் பண்ணிக்கட்டும்மா. சக்கரம் எல்லாம் ஒண்ணுதானே?"

சூப்பர்வைசர் ஜகதீசன், இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க, சிரித்தார். "மனுஷன் பொய் சொல்வான். பெட்டி சொல்லாது. பெட்டிமேல வெச்ச சீல்கூட உடையலை, பாருங்க."

"சீல் வைக்கிறது யாரு?"

"நான்தான்."

கனகவல்லி பெர்த்துக்கு அடியில் ஒளிந்தவனைத் தேடுகிற மாதிரி ஒவ்வொரு லாரியாகக் குனிந்தாள். ஆண்டனி லாரியின் சக்கரத்தருகே குங்குமப் பழம். அதிலிருந்து சிமெண்டில் வழிந்து காய்ந்த சிவப்புக் கோடு. செல்லப்பா லாரியிலும் அப்படியே. பழைய லாரிக்கு முன்னால் சிமெண்டில் சிவப்புக் கறை. அதன்மேல் பளிச்சென்று மஞ்சளாக ஒரு பழம்.

மணி பத்தரை. நிமிர்ந்தவள் முகத்தில், டிக்கெட் இல்லாதவன் அகப்பட்ட சந்தோஷம்.

"முதலாளி, பெட்டி பொய் சொல்லலை. அது பீபீநகர் போச்சு, வந்துச்சு. ஆண்டனி லாரிதான் போகலை."

"அதெப்படிம்மா?" என்றார் வேதாசலம்.

"சக்கரம் உருண்டிருந்தா பழம் நசுங்கியிருக்கணும். முழுசா இருக்கே!"

"போயிட்டு வந்து புதுசா வெச்சிருப்பான்" என்றார் ஜகதீசன், கொஞ்சம் வேகமாகவே.

"வெச்சது ஆண்டனி இல்லை, நீங்க. ஆனா வேற லாரிக்கு." அவள் பழைய லாரியைக் காட்டினாள். "ஆண்டனி வண்டிப் பழம் குங்குமம் வழிஞ்சு தரையோட ஒட்டிக் காஞ்சிருக்கு. அசையவே இல்லை. இங்கே தரையில குங்குமம் இருக்கு, பழத்துல இல்லை. செல்லப்பா, மூணாவது வண்டிக்குக் குங்குமம் தீர்ந்துபோச்சா?"

"இல்லைம்மா, கை நிறைய இருந்துச்சு!"

"அப்போ இங்கே இருந்த பழம் நசுங்கிப்போச்சு. நசுக்கினவர் கூட்டி எறிஞ்சுட்டு வேற ஒண்ணு வெச்சார். ஓடின லாரியை ஓடாததாக் காட்டத் தெரிஞ்சுது. ஓடாத லாரியை ஓடினதாக் காட்டணும்னா அதோட பழத்தையும் நசுக்கணும்னு தோணலை. பூஜை போட்ட செல்லப்பாவா இருந்தா குங்குமத்தை மறந்திருப்பாரா?"

வேதாசலம் பழைய லாரியைத் திறக்கச் சொன்னார்.

"அதுக்குச் சாவியே இல்லீங்க, தொலைஞ்சுபோச்சு" என்றார் ஜகதீசன்.

"இடுப்புல அந்த வண்டிச் சாவி சிவப்பு நூல் கட்டித் தொங்குதே, அது என்ன தாலியா?" என்றார் செல்லப்பா.

கதவு திறந்தது. ஒரு மாதமாக ஓடாத லாரிக்குள் புத்தம்புது வைக்கோல். பம்பைச் சுற்றி வருமே, அதேதான். ஆண்டனி லாரிப் பெட்டியைக் கழற்றி இந்த லாரியில் மாட்டி, பம்புகளை ஏற்றிப் போய் பீபீநகரில் விற்றுவிட்டு, திரும்ப வைத்துப் புது சீலும் போட்டாயிற்று. சீல் போடும் அதிகாரம் வேறு யாருக்கும் கிடையாது. ஜகதீசன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். வேதாசலம் பன்னிரண்டு மணிவரை காத்திருக்காமல் போலீஸுக்குப் போன் செய்தார். பெயர் மட்டும் மாறியிருந்தது.

பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆண்டனியிடம் வந்தார். "தப்பாயிடுச்சுப்பா. விஜயவாடா லோடு ஒண்ணு அவசரம். காலையிலேருந்து நீ ரெஸ்ட்லதான் இருக்கேன்னு பெட்டி காட்டுது. கிளம்பறியா?"

காலையிலிருந்து திருடனாக நின்ற ஆண்டனி அவரைப் பார்த்தான். செல்லப்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"பெட்டியைக் கேட்டீங்க. என்னைக் கேட்டீங்களா ஐயா?" என்றான் ஆண்டனி.

ராஜி வெளியே ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தாள். ஆண்டனி ஏறி, கனகவல்லிக்கு இடம் விட்டு உட்கார்ந்து, தெருமுனை தாண்டும் முன்பே குறட்டை விட்டான்.