காற்றுச் சுவர்

காலையில் பெருக்கித் துடைத்த தரையில் நாலு மணிக்கெல்லாம் மறுபடியும் வெள்ளைத் தூசி. வெளியே படிக்கட்டு பளிச்சென்றிருந்தது. உள்ளேதான் தூசி. கடைக் கல்லாவில் உட்கார்ந்திருந்த வெண்ணிலா, கால்களைத் தூக்கி நாற்காலிக் கம்பியில் வைத்துக்கொண்டாள்.

தங்க வயலில் தூசி என்றால் எல்லோரும், தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டைத்தான் கை காட்டுவார்கள். அதைத் தடுக்கத்தான் முதலாளி ராஜப்பா கடை வாசலுக்கு மேலே ஏர் கர்ட்டன் மாட்டினார். திறந்தே கிடக்கும் வாசலில் அந்த நீளப் பெட்டி நாளெல்லாம் காற்றை நேராகக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். ஆள் கிட்டே வந்தால் இரைச்சல் கூடும். இரைச்சல் கூடினால் நிமிராமலே "வாங்க" சொல்ல வேண்டும், அது முதலாளி உத்தரவு. எட்டு மாதத்தில் அவள் தூக்கத்தில்கூட "வாங்க" சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

"ஏர்னு பேரு வெச்சது எதுவும் நமக்கு ஆவாதுடி," என்று அம்மா பழனியம்மா அதை மாட்டிய அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டாள். கடை, சுரங்கக் கம்பெனி காலத்துக் கட்டடம். பின்பக்கக் குடோனின் சிமெண்ட் தளத்துக்கு அடியில், சுரங்கத்துக்குள் இறங்கும் பழைய ஷாஃப்ட் மூடிக் கிடந்தது. வெண்ணிலா கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா ராமசாமி அதில்தான் ஷிப்ட்டுக்கு இறங்கினார். கீழே பாறை வெடித்தது. வயலில் அதற்குப் பெயர் ஏர் பிளாஸ்ட். அப்பாவையும் சேர்த்து ஐந்து பேர் மேலே வரவேயில்லை.

மதியம் வந்த மெக்கானிக் கோவிந்தன் டிஷ்யூ காகிதத்தை வாசலில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"மெஷின் நல்லாதான் கீதும்மா. காத்தாலயே ஒரு சுவரு. வெளிய கீறது உள்ள வராது, உள்ள கீறது வெளிய போவாது."

அப்படியானால் இந்தத் தூசி? நேற்றே அவள் அதைப் பார்த்திருந்தாள். சொன்னால் பைத்தியம் என்பார்கள். குடோனிலிருந்து வந்த, சுரங்கத் தொழிலாளர் போடும் ரப்பர் கம்பூட்டின் தடங்கள், காற்று இறங்கும் கோட்டில் கால்விரல் உரச, வரிசையாக நின்றிருந்தன. ஐந்து ஜோடி.

இன்றோடு வேலைக்கு முழுக்கு. ஐந்து மணிக்குப் புருஷன் சிவகுமார் வண்டியில் வருவான். ஏறிப் போய்விட்டால் இந்த வாசலை இனி மிதிக்கவே வேண்டாம்.

ஐந்தாக ஐந்து நிமிடம் இருக்கும்போது கரண்ட் போனது.

ஏர் கர்ட்டன் முனகி, இழுத்து, அடங்கியது. இத்தனை மாதமாக அந்த இரைச்சலுக்கு அடியில் மறைந்திருந்த மௌனம் இப்போது கடை முழுக்க வந்து உட்கார்ந்தது. ஈரப் பாறை வாடை. வெடிமருந்துக் கரி வாடை. குடோன் கதவு தானாக விலகியது.

தூசியில் ஒரு தடம் விழுந்தது.

இன்னொன்று. பிறகு பல. ஆள் இல்லை. தடங்கள் மட்டும் வாசலை நோக்கி நடந்தன. கடைசித் தடத்தில் இடது கால் தரையில் கோடு இழுத்தது. அப்பாவுக்கு இடது கால் சரியில்லை என்று அம்மா சொல்வாள்.

வெண்ணிலா வாயைப் பொத்திக்கொண்டாள். போகட்டும். சாமி, போகட்டும். இத்தனை வருஷம் கிடந்தது போதும், வெளியே போகட்டும்.

தெருவில் சிவகுமாரின் வண்டிச் சத்தம். உயிர் வந்தது. கையைக் கீழே இறக்கினாள்.

கரண்ட் வந்தது. ஏர் கர்ட்டன் சீறிக்கொண்டு கிளம்பியது.

"வாங்க," என்றது அவள் வாய்.

தடங்கள் நின்றன.

திரும்பின.

ஐந்தும். அவளை நோக்கி.

ஓடினாள். அலமாரியில் இடித்து, விழுந்து, எழுந்து, வாசலுக்கு. திறந்த வாசல். நாலடி. இரண்டடி. காற்றில் மோதி நின்றாள். கையை நீட்டினாள். கை போகவில்லை. உள்ளங்கை அந்தரத்தில் அப்பிக்கொண்டு நின்றது.

எட்டிப்பிடிக்கும் தூரத்தில் சிவகுமார், கடைக்குள் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"வெண்ணிலா! இன்னா, கௌம்பலையா?"

அவள் கத்தினாள். அவன் அவள் ஊடாகக் காலிக் கடையைப் பார்த்தான். போன் எடுத்தான். கல்லா மேல் அவள் போன் அடித்தது.

அவள் குனிந்து பார்த்தாள். தன் காலடியில் செருப்புத் தடம் இல்லை. கம்பூட் தடம். கால்விரல் கோட்டில் உரச.

பின்னால், மெதுவாக, ஒரு இடது கால் தரையில் கோடு இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றது.