பிளவின் வயசு

கல் வில்லையிலிருந்து ஈர வாடை வந்தது. கல்லை உலர்த்தி, அறுத்து, கண்ணாடிபோலத் தேய்த்தது அவன்தான். அதில் ஏது ஈரம்?

பிற்பகல் மூன்று மணி. பாறைகளுக்கு வயசு பார்க்கும் அந்த ஆய்வுக்கூடத்தில் ஏசி உறும, பம்பு அடித்தொண்டையில் முனக, லேசர் ஒவ்வொரு படிகமாகச் சுட்டுக்கொண்டிருக்க, சுரங்கச் சேறும் வெடிமருந்தும் கலந்த அந்த நெடி மெல்லக் கசிந்து அவன் சட்டைக் காலருக்குள் இறங்கியது.

பிளவில் விளைந்த படிகத்தில் யுரேனியம் எவ்வளவு ஈயமாகியிருக்கிறது என்று அளந்தால், பாறைப் பிளவு கடைசியாக நகர்ந்த காலம் தெரிந்துவிடும். திரையில் எண் விழுந்தது.

மூன்று வருடம்.

"உளறாதே," என்றான் இயந்திரத்திடம். மறுபடி சுட்டான். அதே மூன்று.

மூன்று வருடத்துக்கு முன்புதான் இந்தக் கல் வந்த தங்கச் சுரங்கம் இடிந்தது. உள்ளே இருந்தவர்களில் அக்கா புருஷனும் ஒருவர். ஒரு உடல்கூடக் கிடைக்கவில்லை.

பிளவு இன்னும் அசைகிறது என்று, இடிவதற்கு முன்பு அவன் எடுத்த அளவே காட்டியது. அப்படி எழுதினால் சுரங்கம் நிற்கும், வரவிருந்த பதவி போகும். 'நூற்றெண்பது கோடி வருடமாக அசையவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். "நீ பார்த்துச் சொன்னா சரிதான் மச்சான்," என்று சிரித்தபடி இறங்கிப் போனார் அத்தான்.

போன் அடித்தது. அக்கா.

"தம்பி, உன் அத்தான் இப்பதான் பேசினாருடா."

"என்னக்கா, கனவு கினவு கண்டியா?"

"உன்னைப் பார்க்க வர்றாராம். தனியா இல்லையாம்." மூச்சு விட்டாள். "நீ என்னடா எழுதிக் கொடுத்தே?"

அவள் அழவில்லை. அதுதான் அவனை உலுக்கியது. பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது.

லேசர் தானாகச் சுட்டது. ஒரு வருடம். மறுபடி. மூன்று நாள். நாலு நிமிடம்.

பூஜ்யம்.

பம்பு நின்றது. ஏசி நின்றது. காதடைத்தது.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். வராந்தா இல்லை. வாசல் நிலை முழுக்கப் பாறை. திரும்பினான். ஜன்னலிலும் பாறை.

கதவருகே கல் முனகியது. மேலிருந்து கீழாக ஒரு கோடு. விரிந்தது.

ஒரு கை வந்தது. தோண்டித் தோண்டி நகம் போன விரல்கள். அதன்மேல் இன்னொரு கை. கீழே இன்னொன்று.

பிளவு முழுக்கக் கைகள். எல்லாம் அவனை நோக்கி.