திரும்பி வந்த பதினொரு புத்தகங்கள்

"என்ர கடையில ஒரு திருட்டு நடக்குதுங்க அம்மணி," என்றார் பாலகோபால்.

கோவை கணபதிப் பகுதியில் இருந்த அந்தச் சிறிய வீட்டின் முன்னறையில் தெய்வாத்தாள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். குற்றப்பிரிவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்று நான்கு வருடமாகிவிட்டது. இருந்தும் யாராவது இப்படித் தேடி வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

"என்ன போச்சுங்க?"

"எதுவும் போகலீங்க. வருதுங்க."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஆஸிம் நிமிர்ந்தார். பன்னிரண்டு வருடம் தெய்வாத்தாளின் ஜீப்பை ஓட்டியவர். இப்போது சொந்தமாக டாக்ஸி வைத்திருக்கிறார். வழக்கு என்றால் சவாரியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வார்.

பாலகோபாலுக்கு வயது எழுபத்தாறு. பீளமேட்டில் கல்லூரிகளுக்கு நடுவே 'அமுதம் புத்தக நிலையம்' தொடங்கி இது ஐம்பதாவது வருடம். கடையின் வரலாற்றை அவரே எழுதி அச்சகத்தில் கொடுத்திருந்தார். பைக்குள்ளிருந்து ப்ரூஃப் தாள்களை எடுத்து ஒரு பக்கத்தைக் காட்டினார். ஆஸிம் வாங்கி உரக்கப் படித்தார்.

"'1996ஆம் ஆண்டு ஜூன் மாதம் எங்கள் கடைக்கு ஒரு களங்கம் நேர்ந்தது. பதினாறு ஆண்டுகள் எங்களிடம் பணியாற்றிய காளிச்சாமி, கண்ணாடி அலமாரியிலிருந்த பதினொரு அரிய நூல்களைக் களவாடியது தெரிய வந்தது. தாயின் மறைவுக்காக 11ஆம் தேதி என்னிடம் சாவியை ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போனவர், 20ஆம் தேதி காலை திரும்பி வந்தபோது அவரைப் பணியிலிருந்து நீக்கினேன்.'"

"அந்தப் பதினொண்ணுல ஒம்பது இப்பத் திரும்பி வந்திருச்சுங்க," என்றார் பாலகோபால். "ரெண்டு மாசமா. ஒவ்வொரு திங்கக்கிழமை காலைலயும் ஒண்ணு இருக்குது. நானும் சனிக்கிழமை சாயங்காலம் அந்த அலமாரி இருந்த மூலையைத் துடைச்சு, பார்த்துத்தான் பூட்டறேன். ஞாயித்துக்கிழமை கடை லீவு. திங்கக்கிழமை போனா புத்தகம் நிக்குது."

"உங்களுக்கு யார் மேல சந்தேகங்க?"

"காளிச்சாமி செத்து மூணு வருசமாச்சு. மகள் அன்புக்கரசி மதுக்கரையில டீச்சரா இருக்குது. அப்பன் ஊட்டுல கிடந்ததை எடுத்துக் கொண்டாந்து வெக்குதுன்னு நெனைக்கறேன். காளிச்சாமி அப்பவே கடைச் சாவிக்கு ஒரு கள்ளச் சாவி செஞ்சு வெச்சிருப்பான்." அவர் தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "முப்பது வருசமா எனக்கே ஒரு உறுத்தலுங்க. அவனைப் போகச் சொன்னப்ப, 'நான் எடுக்கலீங்க மொதலாளி'ன்னு ஒரே ஒரு தடவைதான் சொன்னான். இந்தப் பக்கம் அச்சாகப் போகுது. புதன்கிழமைக்குள்ள சொல்லணுமாம். உண்மைன்னு நீங்க சொல்லிப்போட்டா நிம்மதியா அச்சுக்குக் கொடுத்துருவேன்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடை பூட்டியிருந்தது. முன்பக்க ஷட்டர் பழசு, துருப்பிடித்து இறுகிப்போனது. ஆஸிமும் பாலகோபாலும் சேர்ந்து தூக்கியும் அரைவாசிதான் ஏறியது. பின்பக்கம் ஓர் இரும்புக் கதவு.

"இது புதுசாட்ட இருக்குதுங்களே?" என்றார் தெய்வாத்தாள்.

"முன்ன மரக்கதவுங்க. கரையான் அரிச்சிருச்சு. நாலு வருசம் முன்னால கதவு, பூட்டு எல்லாமே மாத்திப்போட்டோம்."

உள்ளே போட்டித் தேர்வு நூல்கள் அடுக்கிய மூலையைக் காட்டினார் பாலகோபால். ஒன்பது புத்தகங்களும் அங்கேதான் வந்து சேர்ந்திருந்தன. அந்தக் காலத்தில் கண்ணாடி அலமாரி நின்ற இடம் அது. அலமாரியை எடுத்து இருபது வருடமாகிறது.

தெய்வாத்தாள் புத்தகங்களை மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகப் புரட்டினார். பழைய தாள்கள், பூச்சி அரிக்காமல் நன்றாக வைத்திருந்தார்கள். பக்க ஓரங்களில் பென்சிலால் சிறிய எழுத்துகளில் குறிப்புகள்; பழைய புத்தகத்தில் இருப்பதுதானே என்று பாலகோபால் அவற்றைப் படித்துப் பார்த்திருக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் புத்தகம் கடைக்கு வந்த நாளைக் குறிக்கும் தேதி முத்திரை, அதன் மேல் பாலகோபாலின் சுருக்கொப்பம். ஆஸிம் தேதிகளை நோட்டில் எழுதிக்கொண்டார்: 1991, 1993, 1994இல் இரண்டு, 1995இல் நான்கு, கடைசியாக 14 ஜூன் 1996. ஒரு புத்தகத்துக்கு நடுவே அடையாளத்துக்கு வைத்த துண்டுக் காகிதம் ஒன்று கிடைத்தது. ஏதோ ரசீதின் கிழிசல். எழுத்து கன்னடம்.

"மேடம், சத்தியமங்கலத்துக்கு மேல ஏறினா கன்னடம்தானே," என்றார் ஆஸிம் ஆர்வமாக. "காளிச்சாமி சொந்தக்காரங்க யாராச்சும் அந்தப் பக்கம் இருந்திருப்பாங்க."

தாளவாடி எல்லையில் மூன்று வருடம் வேலை பார்த்த தெய்வாத்தாளுக்குக் கன்னடம் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். படித்துவிட்டுக் காகிதத்தை வைத்த இடத்திலேயே வைத்தார்.

"காணாமப் போனதை எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

"பத்தொம்பதாந்தேதி சாயங்காலங்க. அன்னைக்கே டைரியில பட்டியல் எழுதினேன்." 1996ஆம் வருட டைரியை எடுத்துக் கொடுத்தார். பதினொரு பெயர்கள், அவர் கையெழுத்தில், கீழே தேதியோடு.

"அந்த அலமாரிச் சாவி யார் யார்கிட்ட இருந்துச்சு?"

"ரெண்டே சாவி. ஒண்ணு காளிச்சாமிகிட்ட. இன்னொண்ணு என்ர கொத்துல."

"கொத்து எங்க இருக்கும்?"

"கடை பூட்டினா ஊட்டுல, ஆணியில. இன்னைக்கும் அங்கதான்."

வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. பாலகோபாலின் மனைவி பத்மாவதி காபி கொண்டுவந்து வைத்தார். நல்ல உயரம், தளர்ந்த நடை. கூடத்தில் ஒரு படத்துக்கு மாலை போட்டிருந்தது. நாற்பது தாண்டிய மனிதர். சிரிக்க முயன்று பாதியில் நிறுத்தியதைப் போன்ற முகம்.

"எங்க பையன் சசிதர்," என்றார் பாலகோபால். "ஒரே பையன். நெஞ்சு வலி. எட்டு மாசமாச்சு."

"எங்க இருந்தாருங்க?"

"பெங்களூரு, ஜெயநகர்ல. கல்யாணம் வேண்டாம்னுட்டான். காலேஜ் முடிச்சுப் போனவன், வருசத்துக்கு ஒரு தடவை வந்தா அதிகம். கடைப்பக்கமே வரமாட்டான். புத்தகம்னாலே அவனுக்கு ஆகாது. அந்த ஏக்கம் எனக்கு உண்டுங்க."

பத்மாவதி டம்ளரை எடுக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார். தெய்வாத்தாள் அவரைப் பார்த்தார்; அவர் பார்வையை மாற்றிக்கொண்டார்.

"நீங்களும் உக்காருங்கம்மா," என்றார் தெய்வாத்தாள் மெதுவாக. "ரெண்டு பேரும் கேக்க வேண்டியதுதான்."

பத்மாவதி சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மொதல்ல அன்புக்கரசி. சனிக்கிழமை சாயங்காலத்துக்கும் திங்கக்கிழமை காலைக்கும் நடுவுல யாரோ கடைக்குள்ள போயிருக்காங்க. முன்பக்க ஷட்டரைத் தனி ஆளு தூக்க முடியாது. அப்பப் பின்கதவு வழியாத்தான் போகணும். அந்தப் பூட்டு நாலு வருசம் முன்னால மாத்தினது. முப்பது வருசம் முன்னால போனவரு கள்ளச் சாவி வெச்சிருந்தாலும் அது இதுல சேராது. அதனால அந்தப் பொண்ணு இல்லீங்க."

"அப்புறம்?"

"அடுத்தது காளிச்சாமி. பதினாலாந்தேதி ஜூன் மாசம் தொண்ணூத்தாறுல கடைக்கு வந்த புத்தகம் ஒண்ணு அந்தப் பதினொண்ணுல இருக்குது. முத்திரை மேல உங்க கையெழுத்து. காளிச்சாமி பதினொண்ணாந்தேதியே சாவியை உங்ககிட்டக் கொடுத்துட்டு அம்மா சாவுக்குப் போயிட்டாரு. இருபதாந்தேதி காலைல வர்றாரு. பட்டியலை நீங்க பத்தொம்பதாந்தேதியே எழுதியாச்சு. அவரு இல்லாதப்ப வந்து, அவரு இல்லாதப்பவே காணாமப் போன புத்தகம் அது. அவரு அதைக் கண்ணால பார்த்திருக்கக் கூட முடியாதுங்க."

பாலகோபால் ப்ரூஃப் தாளை எடுத்துப் பார்த்தார். டைரியைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார். உதடுகள் அசைந்தன.

"நானே எழுதியிருக்கேன்," என்றார். "ரெண்டையும் நானேதான் எழுதியிருக்கேன்."

"ஆமாங்க."

"மொட்டை அடிச்ச தலையோட வந்து நின்னான். அம்மாவைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை நான்."

ஆஸிம் நோட்டை மூடிவிட்டார்.

"அலமாரிப் பூட்டை அப்ப யாரும் உடைக்கலை," தெய்வாத்தாள் தொடர்ந்தார். "பின்கதவுப் பூட்டை இப்பவும் யாரும் உடைக்கலை. காளிச்சாமி சாவியும் உங்ககிட்ட வந்தாச்சுன்னா, ரெண்டு தடவையும் பூட்டைத் திறந்தது இந்த ஊட்டு ஆணியில தொங்கின சாவிதான். உங்களுக்கு ஊட்டு ஆளுக மேல சந்தேகம் வரவே இல்லீங்களா?"

"வரலை."

"காளிச்சாமி மேல உடனே வந்துச்சு."

பாலகோபால் டைரியை மூடினார். காளிச்சாமியின் அப்பாவும் தாத்தாவும் பாலகோபால் குடும்பத்துத் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்கள். அந்தச் சந்தேகம் ஏன் அவ்வளவு சுலபமாக வந்தது என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் புரிந்தது.

"கடைசியா அந்தக் கன்னடத் துண்டு. ஜெயநகர்ல ஒரு ஓட்டல் ரசீதுங்க அது. அந்தப் புத்தகம்..."

"போதுங்க," என்றார் பத்மாவதி. "நானே சொல்லிப்போடறேன்."

எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. இரண்டு புத்தகங்களோடு திரும்பி வந்து அவற்றைக் கணவரின் முன்னால் வைத்தார்.

"பெங்களூர்ல இருந்து சசி சாமானெல்லாம் அட்டைப் பெட்டியில வந்துதுல்லங்க, அதுல இருந்தது. பதினொண்ணும். அட்டை போட்டு, அடுக்கி வெச்சிருந்தான்."

"சசியா?" என்றார் பாலகோபால். "அவனுக்குத்தான் புத்தகமே பிடிக்காதே."

"உங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதானுங்க. இஞ்சினீரிங் படிக்கறவன் கதையும் கவிதையும் படிச்சா உருப்படமாட்டான்னு சொல்லி, அவன் ரூம்ல இருந்ததெல்லாம் கட்டிக் கடைக்குத் தூக்கிட்டுப் போனீங்க. ஞாபகம் இருக்குதா? மத்தியானம் நீங்க சாப்பிட்டுப் படுத்ததும் சாவியை எடுத்துட்டுப் போவான். படிச்சுட்டு வெச்சிரலாம்னுதான் எடுத்தானாம். ஒரு நாள் ஆணி காலியா இருக்கறதை நான் பார்த்தேன். கேக்கலை."

"அப்பவே உனக்குத் தெரியுமா?"

"காளிச்சாமியை அனுப்பின அன்னைக்குச் சாயங்காலம் வந்து என்ர மடியில விழுந்து அழுதான். அப்பாகிட்டச் சொல்லப் போறேன்னான். நான்தான் வேண்டாம்னேன். ஊரெல்லாம் தெரிஞ்சா உங்க மரியாதை போயிரும்னு. வாயை மூடிட்டு இருன்னு சொன்னேன்." அவர் அழவில்லை. குரல் மட்டும் தேய்ந்துகொண்டே போனது. "அவன் வாயை மூடினவன்தான். அதுக்கப்புறம் என்கிட்டயும் பேசலை, உங்ககிட்டயும் பேசலை. ஊரை விட்டே போயிட்டான். ரெண்டு பேரோட வாழ்க்கையையும் நான் கெடுத்துப்போட்டேன்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே பத்மா."

"பையனைப் பறிகொடுத்துட்டு உக்காந்திருக்கற மனுசன்கிட்ட எப்படிங்க சொல்லுவேன்? ஊட்டுல வெச்சுக்கவும் முடியலை, தூக்கி எறியவும் முடியலை. நீங்க தூங்கறப்பக் கொண்டுபோய் எடுத்த இடத்துலயே வெச்சேன். நீங்க அந்தப் பக்கத்தை எழுதறீங்கன்னு தெரிஞ்சதும், இதைப் பார்த்தாவது நிறுத்துவீங்கன்னு நெனச்சேன். நீங்க அதையும் காளிச்சாமி தலையிலதான் போட்டீங்க." மேலே இருந்த புத்தகத்தின் அட்டையைத் தடவினார். "இது அவன் தலைமாட்டுல இருந்ததுங்க. இதை மட்டும் கொடுக்க மனசு வரலை."

பாலகோபால் அந்தப் புத்தகத்தைத் திறந்தார். ஓரங்களில் மகனின் எழுத்து. முப்பது வருடமாக மறுபடி மறுபடி படித்து, வெவ்வேறு வயதில் எழுதிய குறிப்புகள். நான்கைந்து பக்கம் படித்தார். பிறகு கண் தெரியவில்லை என்று சொல்லி மூடிவிட்டார்.

"மதுக்கரைக்குப் போகணுமுங்க," என்றார். "நீங்களும் கூட வாங்க அம்மணி. தேதியெல்லாம் நான் சொன்னா நம்பாது அந்தப் புள்ள."

ஆஸிம் வண்டியை எடுத்தார்.

அன்புக்கரசி பள்ளிக்கூட விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். வந்தவர்கள் யார் என்று தெரிந்ததும் எழுந்து நாற்காலிகளை இழுத்துப் போட்டார். தெய்வாத்தாள் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். மகனின் பெயரைப் பத்மாவதியே சொன்னார். அன்புக்கரசி பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பக்கத்தை எடுத்துப்போடறேன் அம்மணி," என்றார் பாலகோபால்.

"எடுக்க வேண்டாங்க சார். மாத்தி எழுதுங்க. யாரு எடுத்தாங்க, யாரை அனுப்புனீங்கன்னு பேரைப் போட்டு எழுதுங்க. திருடன்னு எழுதறப்ப எங்கப்பா பேரைப் போட்டீங்கல்ல."

பாலகோபால் மனைவியைப் பார்த்தார். பத்மாவதி தலையசைத்தார்.

"எழுதறேன்."

"சரிங்க."

பாலகோபால் எழுந்து, மறுபடியும் உட்கார்ந்தார்.

"காளிச்சாமி என்னைப் பத்தி ஏதாச்சும் சொல்லுவானா?"

"ஒண்ணும் சொல்லமாட்டாருங்க." அன்புக்கரசி திருத்திய தாள்களை ஒழுங்காக அடுக்கினார். "எனக்குப் படிக்க நிறைய வாங்கித் தருவாரு. காந்திபுரத்துல ஒரு கடைக்குக் கூட்டிட்டுப் போவாரு. என்னென்ன வாங்கணும்னு பேரெல்லாம் எழுதிக் கொடுத்து என்னை மட்டும் உள்ளே அனுப்புவாரு. அவரு வரமாட்டாரு. நான் வாங்கிட்டு வர்ற வரைக்கும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிப்பாரு. ரெண்டு கையையும் முன்னால, வெளிய தெரியற மாதிரி வெச்சுக்கிட்டு. சாகற வரைக்கும் எந்தப் புத்தகக் கடைக்குள்ளயும் அவரு கால் வெக்கலீங்க சார்."

தெய்வாத்தாள் எழுந்து வெளியே வந்தார். கண்டுபிடிக்க இனி எதுவும் இல்லை. காருக்கு வெளியே நின்றிருந்த ஆஸிம் ஏதோ கேட்க வந்தவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கதவைத் திறந்துவைத்தார். உள்ளே முதியவர் விம்மும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, அன்புக்கரசி எழுந்து தண்ணீர் எடுக்கப் போகும் சத்தமும் கேட்டது.