எட்டாவது புள்ளி

"இந்தப் படத்தை வரைஞ்ச புண்ணியவான் யாரு?"

மழையோடு மழையாக உள்ளே வந்தவர் பாடப்புத்தகத்தை மேசைமேல் போட்ட வேகத்தில், அவளுடைய மைப்புட்டி ஒரு குதி குதித்தது.

அந்த அச்சகத்தில் பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள் அவள். அணுவைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக எலக்ட்ரான் வைத்தே பாதி ஆயுள் போனதால், எல்லோருக்கும் அவள் 'புள்ளி'.

"புண்ணியவதி. நான்தான். என்ன இப்போ?"

நிமிர்ந்து பார்த்தாள். இமை நுனியில் மழைத்துளி தொங்க, கோபப்படவே தெரியாத இரண்டு கண்கள் கோபப்பட முயன்றுகொண்டிருந்தன... ஐயோ, இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளையை மிரட்ட முடியும்? வேதியியல் வாத்தியாராம்.

"பக்கம் நாற்பத்தி மூணு. குளோரினுக்குக் கடைசி வட்டத்துல ஏழு எலக்ட்ரான்தான். நீங்க எட்டு போட்டிருக்கீங்க."

"ஏழு போட்டா ஒண்ணு மட்டும் தனியா நிக்குது சார். ஜோடி ஜோடியா இருந்தாத்தானே பார்க்க அழகு?"

"அழகா! அந்த ஒண்ணு குறையறதாலதானே அது சோடியத்தைத் தேடுது? சோடியம் தன்கிட்ட கடைசியில இருக்கற ஒத்தை எலக்ட்ரானைக் கொடுக்க, ரெண்டும் சேர்ந்து உப்பாகுது. 'எட்டும் இருக்கும்போது குளோரின் எதுக்கு சார் கை நீட்டுது?'ன்னு வகுப்புல ஒருத்தி கேட்டா. திருதிருன்னு முழிச்சேன்!"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முறைக்கப் பார்த்தவரும் சிரித்துவிட்டார்.

மேலாளர் ஓடி வந்தார். "அடுத்த பதிப்புல திருத்திடலாம் சார்."

"இந்த வருஷப் பிள்ளைங்க அடுத்த பதிப்பையா படிக்கப் போகுது?"

அந்த வாய்க்குப் பயந்தே மேலாளர் மிச்சப் படங்களையும் அவரிடமே சரிபார்க்கக் கொடுத்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் வாத்தியார் வந்தார். கொடுத்துச் சேர்கிற அணுக்கள், ஆளுக்கொன்று போட்டுப் பகிர்ந்துகொள்கிற அணுக்கள், எட்டும் நிறைந்து யாரையும் ஏறெடுத்துப் பார்க்காத நியான்... அவர் பேசப் பேச, அவள் புள்ளி வைக்க மறந்து அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது சனிக்கிழமை காலை. அண்ணன் வீட்டில் இருக்கிறவள் அவள். அண்ணி தொலைபேசியில் யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது. "முப்பத்தஞ்சு ஆச்சு... இனிமே எவனாவது பாவம் பார்த்துக் கட்டிக்கிட்டாத்தான் உண்டு."

நாளெல்லாம் 'பாவம்' என்ற அந்த ஒரு சொல் முள்ளாய்க் குத்தியது. அன்று மாலை பார்த்தா வாத்தியார் பேனாவை மூடிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்க வேண்டும்?

"நீங்க தனியாவே இருக்கீங்க... நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

தனியாவே! அவளுக்கு அது மட்டும்தான் கேட்டது.

"நியானைப் பத்தி நீங்கதானே சொன்னீங்க சார்? நானும் அப்படித்தான். எனக்கு எட்டும் இருக்கு, யாரும் வேண்டாம். பாவம் பார்க்கறதை வேற எங்கயாவது வெச்சுக்குங்க."

அவர் முகம் சுருங்கிப் போயிற்று. ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். வாத்தியார் அல்லவா, எழுதிக் கொடுத்த விடையைத்தானே திருத்துவார்? எழுந்து போய்விட்டார். அவர் முன்பு குறித்துக் கொடுத்த தொலைபேசி எண் அவள் மேசைக் காகிதத்தின் ஓரத்திலேயே இருந்தது. எட்டு மாதம் அதைத் தினமும் பார்த்தாள். பாழாய்ப்போன வீம்பு, ஒருநாளும் கூப்பிட விடவில்லை.

இன்று காலை மேலாளர் இரண்டு தாள்களை அவள்முன் வைத்தார். ஒன்று, புதிய பதிப்பின் நாற்பத்தி மூன்றாம் பக்கம். மற்றது கல்யாணப் பத்திரிகை.

"நம்ம வாத்தியாருக்குத்தாம்மா. ஓரத்துல பூ நீதான் வரையணும். மதியம் வந்து இந்தப் பக்கத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுடுவார்."

வந்தார். வெளியே அதே மழை, ஆனால் இந்த முறை நனையவில்லை. குடை எடுத்துப் போகச் சொல்ல ஆள் வந்தாயிற்று போலும். குளோரினைச் சுற்றி விரலால் எண்ணினார்.

"ஏழு. சரியா இருக்கு."

"இன்னொரு தப்பு இருக்கு சார்."

"எந்தப் பக்கம்?"

"புத்தகத்துல இல்ல. அன்னைக்கு எட்டும் இருக்குன்னு சொன்னேனே... பொய். ஏழுதான் இருந்துச்சு. நீங்கதான் வேணும்னு இருந்துச்சு."

பேனா அவர் கையில் அப்படியே நின்றது. "பத்திரிகை பார்த்தீங்களா?"

"பார்த்தேன். பூ வரையறவளே நான்தானே?"

"அப்புறம் ஏன் இப்ப சொல்றீங்க?"

"தப்புன்னு தெரிஞ்சும் அப்படியே விடக்கூடாதுன்னு சண்டை போட்டது நீங்கதான் சார்."

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நானும் ஒண்ணு சொல்லிடறேன்" என்றார், அவளைப் பார்க்காமல். "உங்க மிச்சப் படங்கள்ல ஒரு தப்பும் இல்ல. முதல் சனிக்கிழமையே பார்த்து முடிச்சுட்டேன். மத்த நாலு வாரமும் உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்... பாவமெல்லாம் பார்க்கல." கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணியது. "அவ நல்லவ. அவ ஒரு தப்பும் பண்ணல."

"தெரியும். போயிட்டு வாங்க சார்."

குடையை மறந்துவிட்டு, மழையில் நனைந்தபடியே போனார்.

அவள் பத்திரிகையை இழுத்து வைத்துக்கொண்டு ஓரத்தில் பூ வரையத் தொடங்கினாள். ஒன்றுகூடத் தனியாக நிற்காமல், எல்லாவற்றையும் ஜோடி ஜோடியாகவே வைத்தாள்.