அசனத்துக்கு வந்தவர்கள்

கப்பலில் பிடித்த தலைசுற்றல் இன்னும் தீரவில்லை, அதற்குள் வேதமாணிக்கம் உபதேசியாருக்குக் கூட்டம் சேர்க்க வேண்டும் என்ற அவசரம். 1958ஆம் வருடம், ஆகஸ்ட் மாதம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கிறிஸ்தவ ஊழியத்துக்காகச் சிங்கப்பூர் வந்திருந்தார். கூடவே மனைவி அன்னம்மா. தலைப்பிரசவத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மிஷன் சங்கம் பிடித்துக் கொடுத்த வீடு தேக்கா மார்க்கெட்டை ஒட்டிய ஒரு சந்தில், கடைக்கு மேலே, பலகைத் தரையோடு இருந்தது. படிக்கட்டில் பகலிலும் விளக்கு வேண்டும்.

புது ஊர் அவருக்குப் பிடிபடவே இல்லை. திருநெல்வேலியில் கோயில் மணி அடித்தால் சனம் வந்து நிற்கும். இங்கே தமிழர்கள் வணக்கம் சொன்னார்கள், சிரித்தார்கள், "ஷிப்டு இருக்குங்க ஐயா" என்று போய்க்கொண்டே இருந்தார்கள். போதாததற்குச் சந்து முழுக்கச் சீனர்கள் நடைபாதையில் சோறும் ஆரஞ்சும் படைத்துக் காகிதம் எரித்தார்கள். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டித் தாண்டி நடக்க வேண்டியிருந்தது.

"அவங்களுக்கு இது ஏழாம் மாசம்," என்றார் கீழே தேத்தண்ணீர்க் கடை வைத்திருந்த அப்துல் காதர். "செத்தவங்க பசியோட ரோட்டுல திரியிற மாசமாம். எதுக்கு வம்பு? பொழுது சாஞ்சா வாசல்ல நின்னு பொதுவா யாரையும் கூப்பிடாதீங்க. பேரு சொல்லிக் கூப்பிடுங்க, அவ்ளோதான் லா."

"அட போங்க அண்ணாச்சி! எங்க பொழப்பே பொதுவா கூப்பிடுறதுதான்," என்று சிரித்தார் உபதேசியார்.

யாரும் வராத ஆத்திரத்தில்தான் அவருக்கு அசனம் போடும் யோசனை வந்தது. அவர் ஊர்க் கோயில் திருநாளில் வருகிறவர் போகிறவர் எல்லாரையும் உட்கார வைத்துச் சோறு போடுவார்கள். யார், எவர் என்று கேட்கிற வழக்கமே கிடையாது. சோறு கண்ட இடத்தில் சனம் சேராதா என்ன?

சனிக்கிழமை சாயங்காலம் கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்து இலை போட்டார். சோற்றைப் பரிமாறி, கறிக்குழம்பையும் ஊற்றி, ஒரு சிறு ஜெபம் செய்தார். பிறகு சன்னலைத் திறந்து, மைதானத்தில் பிரசங்கம் செய்து பழகிய அந்தக் குரலை எடுத்தார்.

"பசியா இருக்கிற எல்லாரும் வாங்க! யாரா இருந்தாலும் வாங்க! வயிறு நிறையச் சோறு இருக்கு!"

தெருவில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கீழே தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டிருந்த அப்துல் காதரின் கை மட்டும் நின்றது.

படிக்கட்டு முனகியது.

ஒரு ஆள் ஏறுகிற சத்தம் இல்லை அது. ஒருவர் பின்னால் ஒருவராக, மெலிந்த ஆட்கள், வெறுங்காலோடு. வேதமாணிக்கம் ஆசையோடு ஓடிப்போய் எட்டிப் பார்த்தார். படியில் யாருமில்லை. பழைய வீடு, பலகை உளுத்திருக்கும் என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

கூடத்துக்குள் ஈரச் சாக்கு வாடை அடித்தது. அதன் அடியில் சீழ் வாடை.

பாய்கள் ஒவ்வொன்றாக அமுங்கின.

சுவரோரம் நின்ற அன்னம்மாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. "உக்காந்துட்டாங்க," என்றாள் கிசுகிசுப்பாக.

அவர் காதில் அது ஏறவில்லை. அவமானம் கண்ணை மறைத்தது. ஒரு நாய்கூட எட்டிப் பார்க்காத ஊழியம்! விறுவிறுவென்று போய் முதல் இலையைச் சோற்றோடு சுருட்டி வாளியில் போட்டார். இரண்டாவதையும் சுருட்டினார்.

"ஐயோ, சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க! இலையை எடுக்காதீங்க!" என்று அன்னம்மா கையைப் பிடித்தாள். பிள்ளைத்தாய்ச்சி பிதற்றல் என்று உதறிவிட்டு, எல்லா இலைகளையும் வாரிக்கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினார். திரும்பி வந்தபோது கூடம் அமைதியாக இருந்தது.

அன்னம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். "எனக்குப் பசிக்குதுங்க," என்றாள்.

அன்று தொடங்கியது. பானைச் சோற்றையும் தின்றாள், ரொட்டியைத் தின்றாள், ஊறவைத்த பச்சரிசியை அள்ளி அள்ளித் தின்றாள். எதிலும் ருசி இல்லை என்றாள், எதுவும் வயிற்றில் தங்கிய மாதிரி இல்லை என்றாள். கன்னம் ஒட்டிக் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டது. டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தார், குறை ஒன்றும் தெரியவில்லை என்றார். வயிற்றுப் பிள்ளையின் அசைவு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது.

உபதேசியார் அப்துல் காதரிடம் போய் நின்றார். விஷயத்தைக் கேட்டதும் அவர் படிக்கட்டுப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

"ஜப்பான்காரன் காலத்துல சயாம் காட்டுல ரயில் பாதை போட ஆள் பிடிச்ச வீடு இது. அதே சன்னல்ல நின்னு ஒருத்தன் தமிழ்ல கூப்பிட்டான். வாங்க, வயிறு நிறையச் சோறுன்னான். ஊரே பட்டினி, போனாங்க. யாரும் திரும்பலை. நான் மேல வரமாட்டேன் ஐயா, மன்னிச்சுக்குங்க."

வேதமாணிக்கம் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கூப்பிட்டுப் பந்தியில் உட்கார வைத்து, பாதியில் இலையைப் பிடுங்கியிருக்கிறார்! அதற்காகச் செத்தவர்களுக்குச் சோறு போடுவதா? அந்தப் பாவத்தை ஒழிக்கத்தானே கடல் தாண்டி வந்தார்? மேலே போய் அன்னம்மாவின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் வைத்திருந்தார். ஒரு அசைவும் இல்லை.

"ஆண்டவரே, மன்னியும்," என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார்.

அன்று சாயங்காலமே மறுபடி பாய் விரித்து இலை போட்டார். இந்தத் தடவை கூப்பிடவில்லை. கூப்பிடத் தேவைப்படவில்லை.

பாய்கள் அமுங்கின. ஈரச் சாக்கு வாடை எழுந்தது. இருந்தாலும் ஊர் அசனத்தில் செய்கிற மாதிரியே வரிசையாகக் குனிந்து குனிந்து பரிமாறினார்.

"சோறு வைக்கட்டுமா? குழம்பு?"

ஆவி பறந்த சோறு இலையில் விழுந்த கணமே ஆறியது. முழங்காலில் ஏதோ உரசியது, எலும்பு மாதிரி. யாரோ உறிஞ்சுகிற சத்தம், விரல் நக்குகிற சத்தம். எங்கோ ஒரு தேம்பல். அவருக்கும் அழுகை வந்தது, பயத்தில் பாதி, பரிதாபத்தில் பாதி.

கடைசி இலைக்கும் ரசம் ஊற்றி முடித்தபோது ஒரு குரல், மூச்சளவு, தமிழில் சொன்னது:

"போதும்."

ஓரத்தில் சாய்ந்திருந்த அன்னம்மா நிமிர்ந்தாள். "என்னங்க! குழம்பு மணக்குது! பிள்ளை உதைக்குதுங்க, வந்து பாருங்க!" அவர் ஓடிப்போய்க் கை வைத்தார். நல்ல உதை. புருஷனும் பெண்டாட்டியும் விக்கி விக்கி அழுதார்கள்.

திரும்பிப் பார்த்தபோது இலைகள் எல்லாம் சாப்பிட்டவர் பக்கமாக ஒழுங்காக மடிக்கப்பட்டிருந்தன. வயிறு நிறைந்த விருந்தாளி மடிக்கிற மடிப்பு. நிம்மதியாக ஒவ்வொன்றாக எடுத்தார். பாயைத் துடைத்தார்.

துடைத்த பாய் அமுங்கியது.

பக்கத்துப் பாயும். அதற்கடுத்ததும்.

அசனத்தில் முதல் பந்தி எழுந்தால், பின்னால் நிற்கிறவர்கள் உட்காருவார்கள். கூட்டம் தீருகிற வரைக்கும் பந்தி நடக்கும். சயாமுக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று அவர் அப்துல் காதரிடம் கேட்டிருக்கவில்லை.

படிக்கட்டு மேலிருந்து கீழ்வரைக்கும் முனகிக்கொண்டே இருந்தது. வெளியே சந்தில், சிராங்கூன் ரோடு வரைக்கும், வெறுங்கால்கள் தரையில் உரசும் சத்தம்.

பானைக்குள் கரண்டியை விட்டார். அது வெறும் அடியைச் சுரண்டியது.

"என்னங்க," அன்னம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், "எனக்குப் பசிக்குது."